கோடுகள் எங்கே போயின?

இயற்பியல் செய்முறை வகுப்புக்குச் சென்று வந்த தோழியர் அனைவரும் அறிந்த இரகசியம் ஒன்று உண்டு. அதை ஆண்டு மலரில் எழுதுவது சரியோ தவறோ, எழுதிவிடுகிறோம். பாதரச விளக்கின் மஞ்சள் கோடுகள் இரண்டின் அலைநீளம் ஏறத்தாழ 5770, 5790 ஆங்ஸ்ட்ராம் என்பது, நிறமாலைமானியின் அருகே செல்லுமுன்னரே எங்களுக்குத் தெரியும். அக்காமார் விட்டுச்சென்ற ரெக்கார்டு நோட்டில் அது இருக்கிறது. கணக்கைப் பின்னாலிருந்து முன்னால் போட்டால், வெர்னியரில் எந்தக் கோடு எதனோடு பொருந்த வேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது. பிறகு இருட்டறைக்குள் போவது ஒரு மரியாதைக்காகத்தான். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா என்று எங்களுக்குள் ஒரு விவாதமே நடந்தது. சொல்ல வேண்டும் என்ற கட்சி வென்றது. அந்த விவாதத்தின் தொடர்ச்சியே இக்கட்டுரை.

ஆனால் தொடக்கம் இருட்டறையில் அன்று, அடுக்களையில். அறிவியல் கண்காட்சிக்கு ஏதேனும் செய்ய வேண்டுமென்று, மஞ்சள் தூளை ஸ்பிரிட்டில் கலக்கி வடிகட்டினோம். ரூபாய் நோட்டைச் சோதிக்கக் கடைகளில் வைத்திருப்பார்களே, அந்தப் புற ஊதா விளக்கை அதன் மீது அடித்தோம். கரைசல் பச்சையும் மஞ்சளும் கலந்த ஒளியாய்ச் சுடர்விட்டது. கீரையைக் கசக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்தால் அது இரத்தச் சிவப்பாய் ஒளிரும்; அதையும் செய்தோம். பார்த்தவர்கள் எல்லாரும் ‘ஆகா’ என்றார்கள். பரிசும் கிடைத்தது.

எங்களுள் ஒருத்திக்கு மட்டும் ‘ஆகா’ போதவில்லை. பழைய குறுந்தகடு ஒன்றைக் கீற்றணியாக வைத்து அந்த மஞ்சள் ஒளியைப் பிரித்துப் பார்த்தாள். பாதரச விளக்கில் மயிரிழை போலக் கோடுகள் தெரியுமே, இங்கே அப்படி ஒன்றுமே இல்லை. பச்சையிலிருந்து செம்மஞ்சள் வரை ஒரே மெழுகல். தரையில் சிந்திய சாயம் போன்ற அகன்ற பட்டை. மூலக்கூறும் அணுக்களால் ஆனதுதானே? அணுவுக்குக் கோடு, மூலக்கூறுக்குப் பட்டையா? கோடுகள் எங்கே போயின?

கேட்டோம். ‘அது பாடத்தில் இல்லை’ என்ற விடை வந்தது. விடை சொன்னவர் மீது எங்களுக்கு வருத்தமில்லை; மார்கழிக்குள் பாடத்தை முடித்தாக வேண்டியவர் அவர். ஆனால் கேள்வி எங்களை விடவில்லை. நூலகத்திலும் பிறவிடங்களிலும் தேடிப் படித்ததில், இதே கேள்வியைப் பெரியவர்களும் நூறாண்டுக்கும் மேலாகக் கேட்டு வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

ஒளிர்தல் என்னும் நிகழ்ச்சியைக் குவினைன் கரைசலில் கண்டு 1845ஆம் ஆண்டில் எழுதியவர் ஜான் ஹெர்ஷல். அதை விளக்கி, அதற்கு ஆங்கிலத்தில் பெயரும் சூட்டியவர் ஜார்ஜ் ஸ்டோக்ஸ், ஆண்டு 1852. குவினைன் என்பது சேசு சபைக் குருக்கள் 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்ததால் ‘சேசு சபையார் பட்டை’ என்றே வழங்கிய சிங்கோனா மரப்பட்டையின் சத்து. நம் நீலகிரியிலும் 1860களிலிருந்து சிங்கோனா பயிரானது. ஸ்டோக்ஸின் சோதனையைப் பற்றி ஒரு செய்தி சொல்வார்கள்: சூரிய ஒளியிலிருந்து ஊதாவை மட்டும் பிரித்தெடுக்க, தேவாலயச் சன்னலில் பதிக்கும் நீலக் கண்ணாடி, ஒளிரும் ஒளியை மட்டும் கண்ணுக்கு விட, கிண்ணத்தில் திராட்சை இரசம்! கோவில் பொருள்களைக் கொண்டே ஒரு விஞ்ஞானத் துறை பிறந்தது என்பதில் எங்களுக்குச் சற்றுப் பெருமைதான். காலை ஜெபத்தின்போது சிற்றாலயத்துச் சன்னலை இப்போதெல்லாம் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கிறோம் என்பதைச் சிஸ்டர் மன்னிக்க வேண்டும்.

சரி, கோடுகளுக்கு வருவோம். ஓர் அணுவில் எலக்ட்ரான் ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்கு இறங்குகிறது, கோடு தோன்றுகிறது. மூலக்கூறிலும் அப்படியே. ஆனால் மூலக்கூறு சும்மா இருப்பதில்லை. துணிப்பெட்டியில் போடும் பாச்சை உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது நாஃப்தலீன். ஒரு மூலக்கூறில் பத்துக் கார்பன், எட்டு ஹைட்ரஜன், ஆக 18 அணுக்கள். இவை 48 வகையாக அதிரக்கூடும். அதற்கு மேல் மூலக்கூறு முழுவதும் பம்பரமாய்ச் சுழலும். அறையின் வெப்பநிலையில் ஒரு மூலக்கூறு ஒரு விதமாய் அதிர்ந்து சுழன்றுகொண்டிருக்க, அடுத்தது வேறு விதமாய்ச் சுழன்றுகொண்டிருக்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய கோட்டைத் தருகிறது. ஆயிரமாயிரம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பட்டையாகின்றன. கரைசலாக இருந்தால் இன்னும் மோசம். சுற்றிலும் நெருக்கும் ஸ்பிரிட் மூலக்கூறுகள் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாய் இழுத்து இருக்கும் கொஞ்சத்தையும் கலைத்துவிடுகின்றன. ஆக, கோடுகள் எங்கும் போய்விடவில்லை. மதிய இடைவேளையில் நம் வராந்தாவில் எந்தக் குரல் யாருடையது என்று தெரியாதே, அதே கதைதான்.

அமைதிப்படுத்த வழி? குளிர்விக்க வேண்டும். ஆனால் நாஃப்தலீன் ஆவியைக் குளிர்வித்தால் அது பாத்திரத்தின் சுவரில் வெள்ளைப் பொடியாய்ப் படிந்துவிடும். இரஷ்ய அறிஞர் ஷ்போல்ஸ்கி 1952இல் வேறொரு வழி கண்டார்: தக்க ஹைட்ரோகார்பன் திரவத்தில் கரைத்து அப்படியே உறையவைத்தால் பட்டை கூர்மையான கோடுகளாய் உடைகிறது. நல்ல வழி. எனினும் மூலக்கூறு அங்கே தனித்திருக்கவில்லை. பனிக்கட்டிக்குள் சிக்கிய மீன்போல இருக்கிறது. அது சொல்வதில் சுற்றியிருப்பவற்றின் குரலும் கலந்திருக்கும். வாயுவாகவும் இருக்க வேண்டும், தனித்தும் இருக்க வேண்டும், கடுங்குளிரிலும் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருங்கே கூடுமா?

கூடும் என்று 1974ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டொனால்டு லெவி, லெனார்டு வார்ட்டன், ரிச்சர்டு ஸ்மாலி ஆகியோர் காட்டினார்கள். செய்முறையைப் படித்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. ஏனெனில் குளிர்ப்பெட்டியே அதில் இல்லை. சைக்கிள் டியூபின் வால்வை அழுத்தினால் வெளியேறும் காற்று சில்லென்று இருக்குமே, அடிப்படை அவ்வளவுதான். ஹீலியம் அல்லது ஆர்கன் வாயுவைப் பல வளிமண்டல அழுத்தத்தில் அடைத்து, அதில் ஆராய வேண்டிய பொருளின் ஆவியை மிகச் சிறிதளவு கலக்கிறார்கள். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு போன்ற துளை வழியே அதை வெற்றிடத்துக்குள் பாயவிடுகிறார்கள். பெரிய பம்புகள் அந்த வெற்றிடத்தைக் காத்து நிற்கின்றன.

துளையில் என்ன நடக்கிறது? கடைசி மணி அடித்ததும் ஜெப மண்டபத்தின் ஒற்றைக் கதவு வழியாக நாம் வெளியேறுவதை நினைத்துப் பாருங்கள். உள்ளே எல்லாத் திசையிலும் இடித்துக்கொண்டு நிற்கிறோம். கதவைத் தாண்டியதும் எல்லாரும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே வேகத்தில் போகிறோம். வேகம் குறையவில்லை; ஒருவரையொருவர் இடிக்கும் வேகம்தான் குறைந்துவிட்டது. வாயுவின் வெப்பம் என்பது இந்த ஒழுங்கற்ற இடித்தலே அன்றோ? ஹீலியம் விநாடிக்கு ஏறத்தாழ 1,750 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. ஆனால் அதனோடு கூடவே பயணம் செய்பவருக்கு அது மிகக் குளிர்ந்த, அமைதியான வாயு. நாஃப்தலீன் போன்ற பெரிய மூலக்கூறு அந்தக் குளிர்ந்த ஹீலியத்தோடு துளையருகே பலமுறை மோதித் தன் சுழற்சியையும் அதிர்வையும் பறிகொடுக்கிறது. சுழற்சி சில கெல்வின் அளவுக்கு இறங்குகிறது. அதிர்வு அவ்வளவு எளிதில் அடங்குவதில்லை. பெரும்பாலும் சில பத்துக் கெல்வினில் நின்றுவிடும். நம் அறையின் வெப்பநிலை 300 கெல்வின் என்பதை நினைவில் கொள்க.

அப்படியானால் இங்கே மட்டும் ஏன் பொடியாகிப் படியவில்லை? இரண்டு பேர் மோதினால் குளிர்ச்சி பரவப் போதும். ஒட்டிக்கொள்வதற்கோ மூன்றாமவர் ஒருவரும் அதே கணத்தில் வந்து, மிஞ்சும் ஆற்றலை வாங்கிச் செல்ல வேண்டும். தாரை விரிந்து வாயு மெலிய மெலிய, மூவர் சந்திப்பது முதலில் அரிதாகிறது. பின்னர் மோதலே நின்றுபோகிறது. குளிர்ந்தாகிவிட்டது, உறைய நேரமில்லை. இதை ‘ஒலியினும் விரைந்த தாரை’ என்கிறார்கள். வேகம் பிரமாதமாகக் கூடிவிட்டது என்று நினைத்துவிட வேண்டாம். வாயு குளிர்ந்ததால் அதற்குள் ஒலியின் வேகம் வெகுவாக இறங்கிவிட்டது என்பதே பெருங்காரணம். இந்த இடத்தைப் புரிந்துகொள்ள எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று.

இனி ஒளி. அந்தத் தாரையில் மூலக்கூறுகள் மிகக் குறைவு. ஒளியை அனுப்பி, எவ்வளவு விழுங்கப்பட்டது என்று அளப்பது கடினம். வேளாங்கண்ணித் திருவிழாவில் ஆயிரம் விளக்குகளில் ஒன்று அணைந்தால் யார் காண்பார்? இருட்டில் ஒற்றை விளக்கு எரிந்தாலோ எல்லாரும் காண்பார்கள். ஆகவே விழுங்கியதை அளக்காமல், மூலக்கூறு திரும்ப உமிழும் ஒளிர்தலை அளக்கிறார்கள். சாய லேசரின் அலைநீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றிக்கொண்டே போவார்கள். மூலக்கூறு ஏற்கும் அலைநீளம் வந்ததும் தாரை ஒளிரும். ஒளிமின் பெருக்கிக் குழல் அதைக் கண்டு சொல்லும். மற்றொரு முறையில் லேசரை ஒரே கோட்டில் நிறுத்தி, வெளிவரும் ஒளியைக் கீற்றணியால் பிரிப்பார்கள். முன்னது கிளர்வுற்ற நிலையின் அதிர்வுகளைச் சொல்லும். பின்னது சாதாரண நிலையின் அதிர்வுகளைச் சொல்லும்.

முதன்முதல் அவர்கள் எடுத்துக்கொண்டது நைட்ரஜன் டை ஆக்சைடு. நம் ஆய்வகத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு தயாரிக்கும் அதே செம்பழுப்பு வாயுதான்! மூன்றே அணுக்கள் கொண்ட அதன் நிறமாலை, யாராலும் படிக்க முடியாத அளவுக்குச் சிக்கலாக இருந்தது. தாரையில் வைத்ததும் பெருமளவு தெளிந்தது. பிறகு கரிம மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக வந்தன. 1980ஐ ஒட்டி, 58 அணுக்கள் கொண்ட தாலோசயனினையே குளிர்வித்துக் கோடுகளைக் கண்டார்கள். நீலப் பெயிண்டின் சாயத்துக்கு நெருங்கிய உறவு அது. பாச்சை உருண்டையின் முறையும் 1980இல் வந்தது. எங்களுக்கு மிகவும் பிடித்தது டிரிப்டோபான். பாலிலும் முட்டையிலும் உள்ள அமினோ அமிலம் அது. 1980களின் நடுவில் லெவியின் குழு அதைத் தாரையில் ஒளிரச் செய்தபோது, ஒரே பொருள் ஆறு விதமான கோட்டுக் கூட்டங்களைத் தந்தது. ஒரே மூலக்கூறு தன் வாலை ஆறு விதமாய் மடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! அறை வெப்பநிலையில் இந்த ஆறும் ஒன்றாய்க் கலந்து, ஆறு இருப்பதே தெரியாமல் போகிறது.

‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்பவர் இருப்பர். எங்கள் வீடுகளிலேயே இருக்கின்றனர். ஸ்மாலி 1976இல் ரைஸ் பல்கலைக்கழகம் சென்று, இந்தத் தாரை முறையிலேயே ஒரு பெரிய கருவி அமைத்தார். அதில்தான் 1985இல் அவரும் குரோட்டோவும் கர்லும் 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ மூலக்கூறைக் கண்டனர். 1996இல் நோபல் பரிசு பெற்றனர். பயன் கேட்பவருக்கு இந்தப் பதில் போதும். ஆனால் உண்மையைச் சொன்னால், எங்கள் மனத்தைத் தொட்டது இந்த வெற்றிக் கதை அன்று.

எங்களைத் தொட்டவர் மேரி லீ ஹெகர். கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் ஆராய்ச்சி மாணவியாக இருந்தவர். இரட்டை விண்மீன்களின் நிறமாலையில், விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுவதால் கோடுகள் முன்னும் பின்னும் நகரும். அசையாமல் நின்ற கோடுகளை ஹெகர் ஆராய்ந்தார். அவற்றுள் 5780, 5797 ஆங்ஸ்ட்ராம் அருகே சற்றே மங்கலாய் இருந்த இரண்டு, எந்தத் தனிமத்துக்கும் பொருந்தவில்லை. 1922இல் அவற்றை வெளியிட்டார். அவை விண்மீனுக்கும் நமக்கும் இடையே உள்ள வெளியில் மிதக்கும் ஏதோ ஒன்றின் கோடுகள். இன்று அத்தகைய பட்டைகள் 500க்கு மேல் தெரிந்துள்ளன. குளிர்ந்த வெளியில் தனித்து மிதக்கும் கரிம மூலக்கூறுகளே காரணம் என்று பலரும் கருதுவதால், அவற்றை அடையாளம் காண வாயு நிலையில் குளிர்ந்த மூலக்கூறின் நிறமாலைதான் வேண்டும். மஞ்சள் கரைசலின் மெழுகல் உதவாது. 2015இல் பாசல் நகரில் ஜான் மேயரின் குழு, மின்னேற்றம் பெற்ற அந்த 60 கார்பன் பந்தைப் பொறியில் அடைத்து 6 கெல்வின் அளவுக்குக் குளிர்வித்து, 9577, 9632 ஆங்ஸ்ட்ராம் பட்டைகளுக்கு உரிமையாளர் அதுவே என்று காட்டியது. ஹெகரின் இரண்டு கோடுகளுக்கோ இன்னும் உரிமையாளர் கிடைக்கவில்லை. நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன.

இப்போது எண்களை மீண்டும் பாருங்கள், தோழியரே! எங்கள் பாதரச விளக்கின் மஞ்சள் கோடுகள் 5770, 5790. ஹெகரின் கோடுகள் 5780, 5797. பாதரசத்துக்கும் அவற்றுக்கும் உறவேதும் இல்லை. ஆயினும் அதே நிறத்தின் அதே துண்டைத்தான் நாங்களும் தொலைநோக்கியில் பார்த்தோம். எங்கள் கீற்றணியில் பத்து ஆங்ஸ்ட்ராம் என்பது சுமார் இரண்டு மினிட் கோணம். ரெக்கார்டில் உள்ள விடைக்காக அதைவிட அதிகமாகவே நாங்கள் திருத்தியிருக்கிறோம். ஹெகர் எங்களைப் போன்றவராக இருந்திருந்தால், பொருந்தாத கோடுகளைத் தட்டில் விழுந்த தூசு என்று துடைத்துவிட்டுப் போயிருப்பார்.

அளவைத் திருத்துவது மதிப்பெண்ணுக்காக என்பது எல்லாருக்கும் தெரியும். ‘சரியான’ விடைக்கே முழு மதிப்பெண் என்றால், சரியான விடை வந்துதான் தீரும். இதை மாணவியரின் நேர்மைக் குறைவு என்று மட்டும் சொல்லிவிட எங்களுக்கு மனமில்லை. ஆண்டில் இரண்டே முறை, ஒரு கருவிக்கு எட்டுப் பேராக, நாற்பது நிமிடம் பார்ப்பதற்குக் கிடைக்கிறது. மற்ற நாளெல்லாம் நிறமாலைமானி கண்ணாடி அலமாரியில் துணி போர்த்தி உறங்குகிறது. உடைந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் பயன்படாமல் பழுதாகும் கருவிக்கு யார் கணக்குக் கேட்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘இயற்பியல் ஆராய்ச்சி என்றால் இராப்பகலாக ஆய்வகத்தில் கிடக்க வேண்டும், பெண்பிள்ளைக்கு ஒத்துவருமா?’ என்ற பேச்சை இந்த ஆண்டிலேயே எங்களுள் மூவர் கேட்டுவிட்டோம். அன்னா மாணி என்ற அம்மையாரைப் பற்றி அவர்களுக்குச் சொன்னோம். 1918இல் பீருமேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1940இல் பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்தவர். முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களின் ஒளிர்தலை ஆராய்ந்தார். அதுவும் குளிர்ச்சியின் கதைதான்: வைரத்தைத் திரவக் காற்றின் குளிரில் வைத்து, மங்கிய ஒளியைப் புகைப்படத் தட்டில் பிடிக்கச் சில சமயம் 15 முதல் 20 மணி நேரம் காத்திருந்தார். 1942 முதல் 1945 வரை ஐந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார். ஆனால் எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு முனைவர் பட்டம் வழங்கவில்லை. அதற்காக அழுதுகொண்டு உட்காராமல் இலண்டன் சென்று வானிலைக் கருவிகளைக் கற்று, 1948இல் திரும்பி வந்து இந்திய வானிலைத் துறையில் கருவிகள் பலவற்றை உள்நாட்டிலேயே செய்யவைத்தார். இராக்கண் விழிக்கப் பெண்ணால் ஆகாது என்பவருக்கு இதற்கு மேல் நாங்கள் சொல்ல ஒன்றுமில்லை. விழித்தவருக்குப் பட்டம் தர மறுத்த காரணத்தைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. மலரில் இடம் போதாது.

எங்கள் வேண்டுகோள் சிறியது. சிகாகோவின் பம்புகளும் லேசர்களும் நமக்கு வரப்போவதில்லை, யாரும் கேட்கவுமில்லை. சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி நேரம் இருட்டறையின் சாவியும், ஒரு கீற்றணியும், ஒரு பாதரச விளக்கும் விரும்புகிற மாணவியருக்குக் கிடைக்க வேண்டும். அந்த இரண்டு மணிக்கு மதிப்பெண் கிடையாது. எடுத்த அளவை மையால் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. விடை நூலோடு மாறுபட்டால் ஏன் என்று அடுத்த சனிக்கிழமை தேட வேண்டும். பார்க்கப் பொருள்களுக்குக் குறைவில்லை: மஞ்சள், கீரை, குவினைன் கலந்த டானிக் வாட்டர், ரூபாய் நோட்டின் இழைகள், துணி வெளுக்கும் நீலச் சோப்புத் தூள்.

நாங்கள் மார்ச் மாதத்தோடு பள்ளியை விட்டுப் போகிறோம். எங்கள் ரெக்கார்டு நோட்டுகளைப் பதினோராம் வகுப்புத் தங்கைகளுக்குக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்; கோபித்துக்கொள்ள வேண்டாம். சிஸ்டரிடம் அனுமதி பெற்று, சென்ற வாரம் ஒரு மாலை முழுதும் மஞ்சள் கோடுகளை மறுபடியும் அளந்தோம். 5752, 5781 என்று வந்தது. கீற்றணி ஒளிக்கற்றைக்குச் செங்குத்தாக நிற்கவில்லையோ என்று ஐயம். அடுத்த சனிக்கிழமை அதைச் சரிபார்க்க வேண்டும்.